ஓய்வுக்குப் பிறகு அலாஸ்கா நெடுஞ்சாலை: நீண்ட ஆர்.வி. பயணத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபகுதியில், அலாஸ்கா நெடுஞ்சாலை ஓரமாக, மஞ்சோ ஏரி என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த நிறம். சுற்றிலும் மலை. கைத்தொலைபேசியில் சிக்னல் கிடையாது. கிழக்கே திரும்பினால் ஃபோர்ட் நெல்சனில் ஒரு வைத்தியசாலை, மேற்கே போனால் வற்சன் லேக்கில் ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் 240 கிலோமீற்றருக்குக் குறையாது. அங்கே ஒரு காலையில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்க முடியவில்லை. மனைவிதான் எங்கள் ஆர்.வி.யை, அதாவது படுக்கையும் குசினியும் உள்ள வீட்டு வண்டியை, எடுத்தார். வழியில் காட்டெருமைகள் றோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவை விலகும் வரை பொறுத்திருந்து, மாலைக்குள் என்னை வற்சன் லேக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முந்தின இலையுதிர்காலத்தில் வெறுமையான தரிப்பிடங்களில் அவர் அந்த வண்டியை ஓட்டிப் பழகியிருக்காவிட்டால் அன்று என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் ரொறன்ரோ பக்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற யாராவது "அலாஸ்காவுக்கு ஆர்.வி.யில் போகப்போகிறோம், என்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களில் ஒருவர் படுத்துவிட்டால், மற்றவர் தனியாக எல்லாவற்றையும் பார்ப்பாரா? வண்டி, மருந்து, காசு, பாதை எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஆயத்தம் செய்ய வேண்டும்.

ஓராண்டு முன்னர்: தூரத்தையும் காலத்தையும் கணக்குப் போடுங்கள்

அலாஸ்கா நெடுஞ்சாலை பிரிட்டிஷ் கொலம்பியாவின் டோசன் கிறீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்ரா ஜங்ஷனில் முடிகிறது. இன்றைய நீளம் ஏறக்குறைய 2,230 கிலோமீற்றர். ஆனால் ரொறன்ரோவில் இருந்து டோசன் கிறீக்குக்குப் போய்ச் சேரவே சுமார் 4,000 கிலோமீற்றர் ஆகும். அங்கிருந்து கனடாவின் யூக்கான் பிரதேசத் தலைநகரான வைற்ஹோர்ஸ் 1,430, வைற்ஹோர்ஸில் இருந்து அலாஸ்காவின் ஃபெயார்பாங்ஸ் 960. போய்வந்து பக்க வழிகளிலும் சுற்றினால் 15,000 கிலோமீற்றருக்கு மேல் வந்துவிடும்.

ஒரு நாளைக்கு 300 கிலோமீற்றர், பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்தம், மூன்று நாளைக்கு ஒருமுறை முழு ஓய்வு. எங்கள் வயதில் இதற்கு மேல் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கணக்கோடு இடையிடையே தங்கிச் சுற்றிப் பார்க்கும் நாட்களையும் சேர்த்தால் குறைந்தது மூன்றரை மாதம் வேண்டும். மே மூன்றாம் வாரம் புறப்பட்டு, செப்டெம்பர் முதல் வாரத்தில் வடக்கில் இருந்து தெற்கே திரும்பிவிடுங்கள். செப்டெம்பர் நடுவில் மலைக் கணவாய்களில் பனி விழக்கூடும், ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் முகாம்களும் ஒவ்வொன்றாக மூடப்படும்.

வடதுருவ ஒளியைப் பார்க்க ஆசையிருந்தால் ஜூன், ஜூலையில் தேடாதீர்கள். ஜூன் 21 அளவில் வைற்ஹோர்ஸில் 19 மணிநேரம் பகல். மிச்ச நேரமும் சரியான இருட்டல்ல. ஓகஸ்ட் கடைசியில்தான் இரவு திரும்பி வரும். திரும்பும் வழியில் வைற்ஹோர்ஸ் பக்கம் ஒரு வாரம் தங்குவதுபோல் திட்டம் போட்டால் நீண்ட பகல், வடதுருவ ஒளி இரண்டும் கிடைக்கும்.

இன்னொரு வழியையும் யோசியுங்கள். வைற்ஹோர்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பலாம். இதய நோய், நீண்ட நேரம் உட்கார முடியாத முதுகுவலி போன்றவை உள்ளவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஒன்ராறியோவையும் புல்வெளி மாகாணங்களையும் வண்டியில் கடக்கும் களைப்பு மிச்சம். ஒப்பந்தத்தில் சரளைக்கல் பாதைகளுக்குத் தடை இருக்கிறதா, அலாஸ்காவுக்குள் கொண்டுபோகலாமா என்ற இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வண்டியைத் தேர்வது: முழங்காலைக் கேட்டு வாங்குங்கள்

சி வகுப்பு வண்டிகளில், அதாவது வான் அல்லது லொறியின் அடிச்சட்டத்தில் கட்டிய ஆர்.வி.களில், சாரதி ஆசனத்துக்கு மேலே ஒரு படுக்கை இருக்கும். காட்சியறையில் பார்க்க அழகு. இரவில் இரண்டு தடவை எழும்பி ரொயிலற்றுக்குப் போகும் வயதில் அந்த ஏணி ஆபத்து. கீழே படுக்கை இருக்க வேண்டும். ஒருவர் எழும்பும்போது மற்றவரைத் தாண்டாமல் இறங்கக்கூடிய, இருபக்கமும் வழியுள்ள கட்டில் என்றால் இன்னும் நல்லது. வாசல் படியின் உயரத்தையும் கைபிடியையும் பாருங்கள். படுத்துப் பாருங்கள், குளிக்கும் இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை இருக்கிறது.

24 முதல் 26 அடி வரை போதும். 35 அடி வண்டியில் வசதி கூட, ஆனால் இருவரில் ஒருவர் அதைப் பின்னுக்கு எடுக்கப் பயப்படுவார். அப்படியானால் அது இருவருடைய வண்டி அல்ல. ஒன்ராறியோவில் 11,000 கிலோவுக்கு உட்பட்ட ஆர்.வி.யைச் சாதாரண ஜி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டலாம், காற்று பிரேக் உள்ள பெரிய வண்டிக்கு அதற்கான தனிச் சோதனை வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ரயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆர்.வி. அதிகம் ஓடாமல் நிற்பதால் மேற்பரப்பு தேயாமலே ரப்பர் முதிர்ந்துவிடும். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உதிரிச் சக்கரம் ஒன்று கட்டாயம். சில வண்டிகளில் அதுவே வருவதில்லை.

எல்லாப் பொருளையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி, லொறிகள் நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லீற்றர் தொட்டி என்றால் தண்ணீரே 150 கிலோ. கதவின் உட்புற ஒட்டியில் உள்ள உச்ச எடையைத் தாண்டினால் இறக்கத்தில் பிரேக்கும் வெயிலில் ரயரும் உங்களைக் கைவிடும். நாங்கள் முதல்முறை நிறுத்தபோது அரிசி மூட்டையையும் இரும்புச் சட்டிகளையும் இறக்க வேண்டி வந்தது.

ஆறு மாதம் முன்னர்: உடம்பும் காப்புறுதியும்

இதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"யூக்கான் கனடாதானே, சுகாதார அட்டை போதும்" என்பது பாதி உண்மை. வைத்தியசாலையில் அனுமதித்தால் ஒன்ராறியோ அட்டை உதவும். ஆனால் வேறு மாகாணத்தில் எடுக்கும் அம்புலன்ஸ், விமான அம்புலன்ஸ் செலவுகள் அதில் அடங்காது. வடக்கில் மாரடைப்பு என்றால் விமானத்தில்தான் தெற்கே அனுப்புவார்கள். அலாஸ்கா அமெரிக்கா. அங்கே வைத்தியசாலையில் படுத்தால் ஒன்ராறியோ ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர்தான் தரும், வெளிநோயாளர் அவசர சிகிச்சைக்கு 50 டொலர். உண்மையான பில் இதைவிடப் பல மடங்கு. ஆகவே கனடாவின் மற்ற மாகாணங்களையும் அமெரிக்காவையும் சேர்த்து, விமான இடமாற்றத்தோடு கூடிய பயணக் காப்புறுதி வேண்டும்.

வாங்கும்போது 'நோய் நிலையாக இருத்தல்' என்ற விதியைத் தேடி வாசியுங்கள். புறப்படுவதற்கு முன் குறித்த நாட்களுக்கு, பல ஒப்பந்தங்களில் 90 நாள் அல்லது அதற்கும் மேல், உங்கள் நோயில் மாற்றம் இருக்கக் கூடாது. பிரஷர் குளிசையின் அளவைக் குறைத்தாலும் அதை மாற்றம் என்றே எடுப்பார்கள். நல்லதுக்குத்தானே குறைத்தார் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அதனால் குடும்ப வைத்தியரிடம் இலையுதிர்காலத்திலேயே போய், பரிசோதனைகளையும் மருந்து மாற்றங்களையும் ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஒரு நோயையும் மறைக்காதீர்கள்.

கண் சோதனையும் இப்போதே. வடக்கில் இரவில் ஓட்ட வேண்டி வராது. ஆனால் இரவு 10 மணிக்கும் தாழ்ந்த சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். கண்புரை தொடங்கியவர்களுக்கு அது மிகவும் கஷ்டம்.

மருந்து: ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மருந்துத் திட்டத்தில் ஒருமுறைக்கு வழக்கமாக 100 நாளுக்கு உரியதுதான் தருவார்கள். பயணம் அதற்கு மேல் என்றால் மருந்தகத்தில் முன்கூட்டியே பேசுங்கள். வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி, மருந்துகளின் மூலப்பெயர், அளவு, ஒவ்வாமை எல்லாம் எழுதி இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று வண்டியில், ஒன்று பணப்பையில். குளிசைகளையும் இரண்டாகப் பிரித்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் குளிர்பெட்டியின் உள்ளே சிறிய வெப்பமானி ஒன்று வைக்க வேண்டும். காஸில் ஓடும் ஆர்.வி. குளிர்பெட்டி, வண்டி சரிந்து நின்றால் சரியாக வேலை செய்யாது, சில நேரம் பின்பகுதியில் உறைந்தும் விடும். உறைந்த இன்சுலின் பயன்படாது.

நேர மாற்றத்தையும் யோசியுங்கள். ரொறன்ரோவை விட யூக்கான் கோடையில் 3 மணி, அலாஸ்கா 4 மணி பின்னால். யூக்கான் 2020 முதல் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. நாங்கள் குளிசைக்கென்று ஒரு மணிக்கூட்டை ரொறன்ரோ நேரத்திலேயே விட்டுவைத்தோம்.

தூக்க மூச்சுத்தடைக்கு இயந்திரம் பாவிப்பவர்கள், அது 12 வோல்ற் பற்றரியில் ஓடும் கேபிளை வாங்கி, ஒரு முழு இரவு வீட்டு வாசலிலேயே சோதித்துப் பாருங்கள். யூக்கான் அரச முகாம்களில் மின் இணைப்பு இல்லை.

ஆவணங்கள்

கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கடவுச்சீட்டுப் போதும். நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அமெரிக்க விசா தேவை. சுப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளிடம் வரும் பெற்றோருக்கான விசாவில், வந்திருக்கும் சம்பந்தியையோ அண்ணரையோ கூட்டிக்கொண்டு போக நினைத்தால் அவருக்கும் அப்படித்தான். அவர்களோடு யூக்கான் வரை போய்த் திரும்புவதும் நிறைவான பயணமே. குளுவேன் மலைகளும் டோசன் சிற்றியும் கனடாப் பக்கம்தான்.

எல்லையில் ஒன்று நம்மவர்களுக்கு. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழ்வதால் இந்தத் தடை.  இறைச்சி, முட்டை, பழம் இருந்தால் கேட்கும் முன்னே சொல்லிவிடுங்கள். கரடி விரட்டும் ஸ்பிரே கனடாவில் சட்டபூர்வமானது, ஆனால் மனிதர் மேல் அடிக்கும் மிளகு ஸ்பிரேயைக் கனடாவுக்குள் கொண்டுவர முடியாது. குப்பியின் மேல் விலங்குகளுக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

முந்தின இலையுதிர்காலம்: ஒத்திகை

சுப்பீரியர் ஏரிப் பக்கம் ஒக்ரோபரில் நான்கு நாள் போய்வாருங்கள். குளிரும் ஏற்ற இறக்கமும் அங்கே இருக்கிறது. ஒரு இரவாவது மின் இணைப்பே இல்லாமல் தங்க வேண்டும். கணப்பு காஸில் எரிந்தாலும் அதன் விசிறி பற்றரியில்தான் ஓடுகிறது. பற்றரி பழசென்றால் விடியப்புறம் மூன்று மணிக்குக் கணப்பு நிற்கும், அப்போது தெரியும். கார்பன் மொனொக்சைட், காஸ் கசிவு இரண்டுக்குமான எச்சரிக்கைக் கருவிகளின் காலாவதித் திகதியையும் பாருங்கள்.

இந்த நான்கு நாளில் வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். வழமையாக ஓட்டாதவர் ஓட்ட வேண்டும், பின்னுக்கு எடுக்க வேண்டும், எரிபொருள் அடிக்க வேண்டும், கழிவுத் தொட்டியைச் சானி டம்ப்பில், அதாவது ஆர்.வி. கழிவைக் கொட்டும் இடத்தில், வெறுமையாக்க வேண்டும். ரொயிலற் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில், குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டியைப் பிறகு திறந்தால் சவர்க்காரத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். காஸை மூடும் திருகு எங்கே, பிரேக்கர் பெட்டி எங்கே என்று இருவரும் தொட்டுக் காட்ட வேண்டும். வழமையாகச் சமைக்காதவர் சமைக்கட்டும், மற்றவருடைய மருந்துகளை நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்கட்டும். வங்கி அட்டையின் இரகசிய எண் இருவருக்கும் தெரிய வேண்டும். எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் ஓட்டுவது ஐயா, குசினி அம்மா என்று நாற்பது வருடம் போய்விட்டது. அதை மாற்றப் பொறுமை வேண்டும். கத்தாமல் சொல்லிக் கொடுங்கள். முடியாவிட்டால் பிள்ளைகளில் ஒருவரை விட்டுச் சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள்.

காசு

சி வகுப்பு வண்டி 100 கிலோமீற்றருக்கு 20 முதல் 25 லீற்றர் குடிக்கும். 15,000 கிலோமீற்றருக்கு 24 லீற்றர் வீதம் 3,600 லீற்றர். லீற்றர் 1.80 டொலர் என்று போட்டால் எரிபொருள் மட்டும் 6,480 டொலர். வடக்கே போகப் போக விலை ஏறும், அதனால் கையில் கூடுதலாக வையுங்கள். வண்டி பழுதானால் இழுத்துச் செல்லும் சேவை, ஆர்.வி. அளவுக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கார்த் திட்டம் அங்கே உதவாது.

பாதையை அறிந்துகொள்வது

1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பிறகு, அலாஸ்காவைத் தரைவழியாக எட்ட வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் 1942இல் எட்டு மாதத்தில் வெட்டிய பாதை இது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் வேலை செய்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். நிலத்தை மூடியிருந்த பாசியை வழித்து எடுத்ததும் கீழே உறைந்திருந்த மண் உருகிப் பாதை புதைந்தது. அந்த உறைமண் இன்றும் வேலை காட்டுகிறது. டிஸ்ரக்‌ஷன் பேயில் இருந்து அலாஸ்கா எல்லை வரை றோட்டு அலைபோல் மேலும் கீழும் போகும். அங்கே மெதுவாகவே போங்கள், பின்னால் வருபவருக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். உள்ளே அலுமாரிக் கதவுகளுக்குப் பூட்டு, போத்தல்களுக்கு இடையில் துவாய்.

எரிபொருள் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். ஃபோர்ட் நெல்சனுக்கும் வற்சன் லேக்குக்கும் இடையே 500 கிலோமீற்றருக்கு மேல். நடுவில் டோட் றிவர் போன்ற சில இடங்களில்தான் எரிபொருள் கிடைக்கும். இந்தத் துண்டில்தான் நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த இடமும் வருகிறது, சமிற் கணவாய், 1,295 மீற்றர். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். முகப்பு விளக்கைப் பகலிலும் போட்டு வைக்க வேண்டும், யூக்கானில் அது சட்டம்.

லியாட் றிவர் வெந்நீர் ஊற்றில் ஒரு நாளாவது தங்குங்கள். காட்டின் நடுவே மரப்பலகைப் பாதையில் நடந்துபோய் இறங்கலாம். தண்ணீர் 42 முதல் 52 பாகை வரை. பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் சூடு குறைந்த ஓரத்தில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அங்கும் கரடி நடமாட்டம் உண்டு. ஸ்பிரேயை வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காட்டுத்தீயும் வெள்ளமும் பாதையை மூடும். 2012 ஜூனில் வெள்ளம் இந்த நெடுஞ்சாலையை அறுத்தது. 2024 மே மாதம் தீயால் ஃபோர்ட் நெல்சன் ஊரையே வெளியேற்றினார்கள். ஒவ்வொரு காலையும் புறப்படும் முன் மாகாண வீதி நிலவரத்தைப் பாருங்கள், மூன்று நாளுக்கான உணவும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மாற்றுப் பாதையாகக் காசியார் நெடுஞ்சாலை வற்சன் லேக் அருகே வந்து சேர்கிறது. அதன் வரைபடத்தையும் கடதாசியில் வையுங்கள்.

தொடர்புக்குச் செய்மதி வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று, அல்லது அந்த வசதியுள்ள புதிய கைத்தொலைபேசி. பிள்ளைகளோடு ஒரு நேரம் பேசிவைத்து, தினமும் மாலை "நிறுத்திவிட்டோம், இந்த இடம்" என்று அனுப்புங்கள். உதவி கேட்கும்போது கடைசியாகப் பார்த்த கிலோமீற்றர் கல்லின் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓட்டாமல் இருப்பவர் கல்லைக் கண்டதும் கொப்பியில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

குசினியும் நுளம்பும்

வைற்ஹோர்ஸில் பெரிய கடைகள் உண்டு, அரிசி பருப்புக்குப் பஞ்சமில்லை. மிளகாய்த்தூள், புளி, கருவாடு இவற்றை வீட்டில் இருந்து கொண்டுபோங்கள். கருவாட்டை வெளியே பொரிக்காதீர்கள். கரடிக்கு மோப்பம் மிகத் தூரம் போகும். சமைத்த சட்டியையும் குப்பையையும் இரவில் வெளியே வைக்கக் கூடாது. யூக்கான் அரச முகாம்களில் விறகு கட்டணத்திலேயே அடங்கும். கைப்பம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

நுளம்பு ஜூன், ஜூலையில் கூட்டமாக வரும். தலைக்கு வலை, 30 வீத டீற் அல்லது 20 வீத இக்காரிடின் உள்ள பூச்சு, வெளிர்நிற நீளக்கை. யன்னல் வலைகளில் சின்ன ஓட்டை இருந்தாலும் இப்போதே ஒட்டுங்கள். இரவு வெளிச்சத்துக்குக் கறுப்புத் திரை போடுங்கள், இல்லாவிட்டால் தூக்கமே வராது. தூங்காத சாரதி வடக்கில் மிக ஆபத்தானவர்.

டோசன் கிறீக்கில் கடைசி நாள்

மைல் 0 தூணடியில் படம் எடுத்த பிறகு, அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். எண்ணெய், ரயர் காற்று, காஸ், தண்ணீர், எரிபொருள் எல்லாம் நிரப்புங்கள். சில்லு நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். முன்கண்ணாடியில் சரளைக்கல் பட்ட சிறு வெடிப்பு இருந்தால் அங்கேயே அடைத்துவிடுங்கள், விட்டால் அது நீளும். பிள்ளைகளுக்கு ஒரு அழைப்பு.

ஃபோர்ட் சென்ற் ஜோன் வரை முதல் 75 கிலோமீற்றர் நல்ல றோட்டு, இருபுறமும் ஊர்கள். அந்தத் துண்டை இருவரில் குறைவாக ஓட்டுபவர் ஓட்டட்டும். மற்றவர் பக்கத்து ஆசனத்தில் கொப்பியோடு உட்கார்ந்து கிலோமீற்றர் கற்களை எழுதத் தொடங்கலாம்.